தென்கரையிலிருந்து எங்கள் தெரு வரை

ஏப்ரல் 11, 2020, சனி

காலையிலேயே அப்பா போன். "வெட்டுக்கு வந்த வாழைத்தார் முப்பதுக்கு மேல நிக்குதும்மா. யாவாரி வரமாட்டேங்கிறாரு. வெட்டுனா எங்கிட்டுக் கொண்டுபோயி விக்கிறதுன்னு கேக்குறாரு." மார்ச் 24 சாயங்காலம் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டதிலிருந்து கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, டீக்கடையும் இல்லை. சோழவந்தான் பக்கத்து வாழைக்கும் வெற்றிலைக்கும் அதுதானே பிழைப்பு. வாழைத்தாராவது சில நாள் மரத்தில் நிற்கும். கொடிக்காலில் வெற்றிலையைக் கிள்ளாமல் விட்டால் முற்றிப்போகும். கிள்ளினால் ஆள் கூலி கையை விட்டுப் போகும்.

இங்கே மதுரை செல்லூரில் தள்ளுவண்டிக்காரர் வந்தே நாலு நாளாகிறது. அப்பா இருக்கும் தென்கரைக்கும் எங்கள் தெருவுக்கும் 25 கிலோமீட்டர்தான். தம்பியிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி இருக்கிறது. ஊரடங்கில் அதை ஓட்டப் பாஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஏப்ரல் 13, திங்கள்

12 தார் வந்து இறங்கியது. தெரு வாட்ஸ்அப் குழுவில் ராத்திரியே படம் போட்டு, "தார் 200 ரூபாய்" என்று எழுதியிருந்தேன். வாங்கியது இரண்டே வீடு. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு தாரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அது எனக்குத் தோன்றவே இல்லை.

என் மாமியார்தான் அரிவாளை எடுத்து வந்து உட்கார்ந்தார். தாரைச் சாக்கில் சாய்த்து, தண்டோடு ஒட்டிச் சீவினால் சீப்பு அப்படியே கையில் வருகிறது. வெட்டுவாயில் பால் சொட்டும். அது வடியும்வரை தாளில் கவிழ்த்து வைக்க வேண்டும். சீப்பு 30 ரூபாய் என்று மாற்றிப் போட்டேன். கடைகளெல்லாம் சாத்தும் 1 மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. என் சேலை முழுக்க வாழைக்கறை. போகட்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

மூன்றாவது வீட்டு ஆச்சி கேட்டது நியாயம்: "எல்லாம் ஒரே நாள்ல பழுத்தா நான் என்னத்தா செய்றது?" இனிமேல் பாதி பழம், பாதி செங்காய்.

அகத்தியைக் கேட்டவர்களும் உண்டு. வெற்றிலைக் கொடி ஏறுவதே அகத்தி மரத்தில்தான். கீரை அங்கே ஏராளம். கீரையை விடியுமுன் பறித்து 7 மணிக்குள் இறக்கினால்தான் மதிப்பு. 10 மணிக்கு வந்தால் துவண்டுவிடும், யாரும் தொட மாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிக்காயும் சேர்ந்துகொண்டது. எதற்கு எவ்வளவு தோட்டக்காரருக்கு, எவ்வளவு வண்டிக்கு என்பதைக் குழுவில் பிரித்தே எழுதுகிறேன். அதைப் போட்ட பிறகு யாரும் பேரம் பேசவில்லை.

1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. இடையில் தரகர் இல்லாமல், தன் காயைத் தானே நிறுத்து விற்றுவிட்டுத் திரும்பிய அன்று அப்பா வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார். இந்த வாரம் போனில் அன்றைய சந்தோஷக் குரலைக் கேட்டேன்.

ஏப்ரல் 25, சனி

நாளையிலிருந்து நாலு நாள் முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் கிடையாது. காய்கறி, பழம் நடமாடும் வண்டியில் மட்டும். அறிவிப்பு வந்ததும் கடைத்தெருவில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. இப்படி முண்டியடித்தால் எதற்கு ஊரடங்கு என்று நெஞ்சு பதறியது. காயெல்லாம் எட்டாத விலைக்குப் போய்விட்டது.

நாமும் கொஞ்சம் ஏற்றலாமா என்று தம்பி கேட்டான். அப்பா, "நேத்து என்ன வெலையோ இன்னைக்கும் அதுதான்ப்பா. நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்கணும்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மே 4, திங்கள்

மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள் பட்டர்கள் மட்டும். ஊர் முழுக்க நேரலையில் பார்த்தது. அம்மனுக்குத் தாலி ஏறும் நேரத்தில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது மதுரை வழக்கம். இந்த வருஷம் அவரவர் வீட்டு டிவி முன்னால்.

மூன்று நாளைக்கு முன்புதான் எனக்கு உறைத்தது: வெற்றிலை இல்லாமல் எப்படி? குழுவில் கேட்டேன். 46 வீடு பெயர் கொடுத்தது. நேற்று விடியக்காலையில் அப்பாவும் அம்மாவும் கொடிக்காலுக்குள் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேலாக ஆள் படாத கொடி; முற்றிய இலையைக் கழித்துவிட்டு, இளசாகப் பார்த்துக் கிள்ளி, ஈரத் துணியில் சுற்றி அனுப்பினார்கள். பிரித்தபோது கூடம் முழுக்கக் காரவாசனை. வீட்டுக்குப் பத்து வெற்றிலை, ஒரு சீப்புப் பழம், தம்பி மாமனார் தோட்டத்து மல்லிகை ஒரு முழம். தாம்பூலத்தை முறத்தில் வைத்து வாசலிலேயே நீட்டினேன். எதிர்வீட்டு அக்கா இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "யாரு தோட்டம்?" என்றார். "எங்கப்பா தோட்டம்" என்றேன்.

கொடிக்காலில் மீதி வெற்றிலை அப்படியே நிற்கிறது. 46 வீடு அதற்குக் காணாது. செல்லூரைத் தாண்டி ஆனையூரிலும் நாலு தெரு பிடிக்க வேண்டும். நாளைக்கு முருங்கைக்காய் மூன்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். முள்ளிப்பள்ளம் அத்தைக்கு இப்போதே போன் போட வேண்டும்.