டைப் ஆகாத உத்தரவு

மிசாவுக்கும் டி.ஐ.ஆருக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றைய இளம் வக்கீல்களைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். 1976-இல், எமர்ஜென்சி நடந்தபோது, எங்கள் கோர்ட்டில் அந்த வித்தியாசத்தில்தான் ஆட்களின் தலையெழுத்தே இருந்தது. டி.ஐ.ஆர்., அதாவது இந்தியப் பாதுகாப்பு விதிகள், என்றால் கேஸ் உண்டு, கேஸ் நம்பர் உண்டு, ரிமாண்ட் நீட்டிக்கவாவது ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மிசா, அதாவது விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், என்றால் ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அதையும் எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று கொஞ்ச காலம் நம்பிக்கை இருந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி ஜபல்பூர் வழக்கில், எமர்ஜென்சியில் அப்படிப் போக உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னதோடு அதுவும் போயிற்று. மாற்றி எழுதிய ஒருவர் எச்.ஆர். கன்னா. அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி ஜூனியரான எம்.எச். பேக்கைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

நான் அப்போது ஒரு சீனியர் ஜட்ஜுக்கு ஸ்டெனோ. அவர் பெயர் வேண்டாம், கோர்ட்டின் பெயரும் வேண்டாம். பாலக்காட்டு அக்ரஹாரத்து மனிதர். கோர்ட்டில் இங்கிலீஷ், வக்கீல்களிடம் மலையாளம், சேம்பருக்குள் என்னிடம் தமிழ்.

ஜாமீன் கேட்டவன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பையன். பொள்ளாச்சியில் அச்சடித்த தமிழ் நோட்டீஸ் கட்டோடு பஸ்ஸில் பிடித்திருந்தார்கள். தி.மு.க. ஆட்சி இருந்தவரை அந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. ஜனவரி 31-ஆம் தேதி அதையும் கலைத்துவிட்டார்கள். இவன் சிக்கியது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. மனு விசாரணைக்கு வந்தது மழைக்காலத்தில், அதாவது ஜபல்பூர் தீர்ப்புக்கு அப்புறம். இந்த வரிசை முக்கியம். பின்னால் ஜட்ஜுக்காக நான் வாதாடும்போதெல்லாம் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

டி.ஐ.ஆரில் விதி 184 என்று ஒன்று. ப்ராசிக்யூஷன் எதிர்த்தால், ஆள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் ஜாமீன். பெரும்பாலான மனுக்கள் அங்கேயே படுத்துவிடும். அன்றைக்கு மதியம் ஜட்ஜ் டிக்டேஷன் ஆரம்பித்தார். மகஜரில், அதாவது போலீஸ் எழுதிய கைப்பற்றல் பதிவில், கட்டைக் கைப்பற்றிய இடம் ஒன்று, சாட்சி சொல்லும் இடம் இன்னொன்று என்று நிதானமாகப் பிரித்துக்கொண்டே வந்து, கடைசியில் கோர்ட் திருப்தி அடைகிறது என்ற வரியையும் சொல்லிவிட்டார். அதற்கு மேல் தொகை, இரண்டு ஜாமீன்தாரர், ஸ்டேஷனில் கையெழுத்து. தூக்கத்திலும் எழுதுவேன். பென்சிலை அந்த வேகத்துக்குத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் நிறுத்திவிட்டார்.

“சாப்பிட்டுட்டு சப்-ஜெயில் வழியா வந்தயோ?”

“ஆமாங்க சார்.”

“அங்கே ஜீப் ஏதாவது நிக்கறதோ?”

“நிக்குதுங்க சார். காலையிலிருந்தே நிக்குதுன்னு டபேதார் சொன்னாருங்க.”

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கேஸ் கட்டை இழுத்து, நாடாவை அவரே சுற்றி முடிச்சுப் போட்டார். அது என் வேலை அல்லது பெஞ்ச் கிளார்க் வேலை. அவர் கையால் செய்து நான் பார்த்ததில்லை.

“அதை டைப் பண்ண வேண்டாம். ரெண்டு வாரம் தேதி போடச் சொல்லு.”

அவ்வளவுதான். இரண்டு வாரம் போய் இன்னும் இரண்டு வாரம், அப்புறம் ப்ராசிக்யூட்டர் அவகாசம் கேட்டார், அப்புறம் ஒரு லீவு. எமர்ஜென்சி முடியும்வரை பையன் உள்ளேயேதான் இருந்தான்.

ஜீப் எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். டி.ஐ.ஆரில் ஜாமீன் கிடைத்தவனை ஜெயில் வாசலிலேயே மிசாவில் தூக்குவது அப்போது நாடு முழுக்க நடந்தது. வெளியே விட்டால் பையன் கோர்ட் கைக்கு எட்டாத இடத்துக்குப் போவான். உள்ளே வைத்திருந்தால் குறைந்தபட்சம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கண்ணில் படுவான். எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டார் என்றுதான் நான் அன்றைக்குப் புரிந்துகொண்டேன். இரக்கம் என்றே நினைத்தேன்; இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

மீதிப் பாதிதான் தொல்லை. அந்த ஜீப்பில் மிசா தாள் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஒருவேளை வேறு யாரையாவது கொண்டுபோக வந்திருக்கலாம், டிரைவர் நிழலுக்கு ஒதுங்கியிருக்கலாம். நிற்கிறதா என்று கேட்டார், நிற்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது? ஸ்டெனோ அபிப்பிராயம் சொல்லக்கூடாது. அப்புறம் சில மாதத்தில், வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு அவருக்கு மாற்றல் வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. ஹைகோர்ட் நீதிபதிகள் 16 பேரையே சம்மதம் கேட்காமல் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றிய வருஷம் அது. கீழ்க்கோர்ட் ஜட்ஜ் எந்த மூலை?

அவருக்கு வி.ஆர். கிருஷ்ணய்யர் என்றால் உயிர். பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர், 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரி, அப்புறம் சுப்ரீம் கோர்ட். 1975 ஜூனில் விடுமுறைக்கால நீதிபதியாகத் தனியாக உட்கார்ந்து, தன் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்புக்கு இந்திரா காந்தி கேட்ட ஸ்டே மனுவை விசாரித்தவர். சட்ட மந்திரி கோகலே பார்க்க வரலாமா என்று போனில் கேட்டதற்கு, மனுவை ரிஜிஸ்ட்ரியில் கொடுங்கள், நேரில் வர வேண்டாம் என்று சொன்னவர். 24-ஆம் தேதி அவர் கொடுத்தது நிபந்தனையோடு ஸ்டே. பிரதமராகத் தொடரலாம், சபையில் பேசலாம், எம்.பி.யாக ஓட்டுப் போடக்கூடாது, சம்பளம் வாங்கக்கூடாது. மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி.

இந்த உத்தரவை எங்கள் ஜட்ஜ் அடிக்கடி சிலாகிப்பார். “வாசலுக்கு வெளியில என்ன ஆகும்னு கிருஷ்ணய்யர் பார்க்கலை பார்த்தயோ, கட்டுல இருக்கறதைப் பார்த்தார்” என்பார். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நாடா முடிச்சுதான் ஞாபகம் வரும். முழு ஸ்டே கொடுத்திருந்தால் எமர்ஜென்சி வந்திருக்காது என்று கிருஷ்ணய்யரைக் குறை சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் கணக்கில், அவரும் வாசலைப் பார்த்திருக்க வேண்டும். அப்படியென்றால் எங்கள் ஜட்ஜ் செய்தது சரி. இப்படி யோசித்தால் எங்கேயும் போய் நிற்காது.

1977 மார்ச்சில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. கேரளச் சட்டசபையில் 140-க்கு 111 என்று காங்கிரஸ் இருந்த அதே ஆளும் கூட்டணியைக் கொண்டுவந்தார்கள் நம் ஜனங்கள். அந்த வெற்றி ஒரு மாதம்கூட நிம்மதியாக நிற்கவில்லை. எமர்ஜென்சியில் போலீஸ் பிடித்துப் போய்க் காணாமல் போன கோழிக்கோடு ஆர்.இ.சி. (பொறியியல் கல்லூரி) மாணவன் ராஜனின் அப்பா ஈச்சர வாரியர் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்றார்கள். கக்கயம் போலீஸ் முகாமில் பையன் சித்திரவதையில் செத்த விஷயம் வெளியே வந்து கருணாகரன் முதல்வர் பதவியை விட்டார். அந்தச் சமயம் வேலையாகப் போய் ஜட்ஜைப் பார்த்தேன். பேப்பரை என் பக்கம் தள்ளி, “பார்த்தயோடா, நம்ம பையன் உசிரோட இருக்கான்” என்றார். தலையாட்டினேன். ராஜன் மிசாவில் போனவன் இல்லை, அவன் பெயரில் எந்தத் தாளுமே இல்லை என்பது பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது. உறைத்து என்ன, திரும்பிப் போய்ச் சொல்கிற விஷயமா அது?

அந்தப் பையன் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலை. நான் யார் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே, “என்னங்க ஸ்டெனோ சார், அன்னைக்கே விட்டிருந்தா மிசாவுல போயிருப்பேன். தமிழ்நாட்டுல பாருங்க, பேருக்கு முன்னாடி மிசான்னு போட்டுக்கிட்டுத் திரியறாங்க. டி.ஐ.ஆர்.னு எவனாவது போட்டுக்குவானா?” என்றார்.

நானும் சிரித்தேன். அப்புறம் அவரே, “ஜீப் நின்னது எங்களுக்கும் தெரியுமுங்க. கேட்டைத் தாண்டினதும் புடிச்சுட்டுப் போகட்டும். ஆனா கோர்ட்டு என்னைய விடச் சொல்லுச்சுன்னு ஒரு காகிதம் இருந்திருக்கும்ல?” என்றார். நான் பாயசத்தில் கவனமாக இருந்தேன்.

“அவரு எழுதவே இல்லீங்களா?”

சொன்னேன். திருப்தி வரிவரை வந்தது என்று சொன்னேன்.

“அதைச் சொன்னதுக்கப்புறமா ஜீப்பைப் பத்திக் கேட்டாரு?”

“ஆமாங்க.”

அவர் மோருக்குக் கை காட்டினார். ஜட்ஜுக்காக நான் இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த வாதங்களில் ஒன்றுகூட அப்போது வாய்க்கு வரவில்லை. மறுநாள் காலையில் குளிக்கும்போது எல்லாம் வரிசையாக வந்தது, ஏப்ரல் 28-ஆம் தேதி முதற்கொண்டு.