கட்டபொம்மனுக்கு நான்கு மையில் ஒரு போஸ்டர்

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்கு அந்த 1959-ஆம் வருடத்துப் பாணியில் ஒரு போஸ்டர் வரைய வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. இருக்கிற போஸ்டரை நகலெடுக்க எனக்கு விருப்பமில்லை. நடுவில் சிவாஜியின் முகம், கீழே குதிரைப்படை, மூலையில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றுப் புளியமரம் என்று நானே ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். அந்தக் காலத்து ஒற்றை ஷீட் 30-க்கு 40 அங்குலம். என் மேசை அதைத் தாங்காது என்பதால் 15-க்கு 20.

முதல் தடவை போஸ்டர் கலரில் வரைந்தேன். முகம் நன்றாகவே வந்தது. பழசாகத் தெரியட்டும் என்று மேலே காப்பித் தண்ணீரைப் பூசினேன். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். மீசைக் கறுப்பு கன்னத்தில் இறங்கிவிட்டது. கரையாமல் இருந்திருந்தாலும் அது அழுக்குப் படிந்த புதுப் படமாகத்தான் இருந்திருக்கும். வயது தாளில் இல்லை, மை ஏறிய விதத்தில் இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது.

அந்தக் காலத்துப் போஸ்டர்கள் அச்சான கல் அச்சில், அதாவது லித்தோவில், எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அடிப்படை. பசையுள்ள மையால் கல்லில் வரைந்து, கல்லை ஈரமாக்கி, உருளையால் அச்சு மை ஏற்றினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். கல்லுக்குப் பதில் துத்தநாகத் தகடு வந்த பிறகும் இதே கதைதான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். ஜெர்மனியில் செனஃபெல்டர் இதைக் கண்டுபிடித்தது 1796-ல். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. இரண்டும் ஒரே காலம் என்று கவனித்தபோது உடம்பு சிலிர்த்தது. இன்னொரு பொருத்தமும் உண்டு. படத்தைக் கேவா கலர் ஃபிலிமில் எடுத்து, டெக்னிகலரில் பிரதி போட்டார்கள். டெக்னிகலர் பிரதியும் சாயத்தின் மேல் சாயமாக மூன்று முறை ஒற்றி எடுப்பதுதான். படமும் போஸ்டரும் ஒரே வழியில் நிறம் பெற்றிருக்கின்றன.

சரி, நானும் அப்படியே செய்வது என்று உட்கார்ந்தேன். நான்கு டிரேசிங் தாள்: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. நான்கிலும் மூலைக்கு மூலை கூட்டல் குறி. தாளின் பின்பக்கம் பென்சில் கரியைத் தேய்த்து, குறியோடு குறி பொருத்தி, கோடுகளைக் கெட்டித் தாளில் இறக்கினேன். இந்த முறை அக்ரிலிக் இங்க். காய்ந்தால் கரையாது, அடியில் இருக்கும் நிறமும் தெரியும்.

மஞ்சள் ஒரே மாலையில் முடிந்தது. சிவப்பு ஏறியதும் தலைப்பாகை ஆரஞ்சாக எழுந்து நின்றது. நீலம்தான் வேலை வாங்கியது. கன்னத்து நிழலை லித்தோ ஓவியர்கள் புள்ளி புள்ளியாக வைத்தே கொண்டுவருவார்கள். நிப்பைத் தொட்டுத் தொட்டு வைத்ததில் இடது கன்னத்துக்கு மட்டும் மூன்று மாலை போயிற்று. பக்கத்தில் பார்த்தால் நீலப் புள்ளிகள். நாலடி தள்ளி நின்றால் மாநிறத் தோல், அதற்குள் ஒரு கோபம். நான் பழுப்பு நிறத்தைத் தொடவே இல்லை.

சிவப்பு இறக்கும்போது தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. வலது கண்ணோரம் மஞ்சள் பிதுங்கி, பார்வையே எங்கோ போய்விட்டது. பழைய தோற்றம் வேண்டும் என்று இப்போது வேண்டுமென்றே நிறத்தை விலக்கி வைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அச்சகத்தில் நின்றவர்கள் நிறத்தோடு நிறம் பொருந்தத்தான் பாடுபட்டார்கள். அவர்கள் தவறவிட்ட தாளை அவர்கள் பாணி என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. கறுப்புக்கான டிரேசிங் தாளில் இமைக்கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கிச் சரிசெய்யப் போகிறேன்.

அப்புறம் தலைப்பு. கல்லில் செதுக்கியது போல் பருமனான எழுத்து வேண்டும். பட்டர் பேப்பரில் எழுதி, அதை வலப்பக்கம் கீழாக 6 மில்லிமீட்டர் நகர்த்தி இன்னொரு தடவை வரைந்து, விளிம்புகளை இணைத்தேன். 'ர', 'ய' இரண்டும் கம்பீரமாக நின்றன. 'ண்' சுழிகள் மூன்றும் நிழலில் அடைபட்டன, 'க' வயிற்றில் வெள்ளையே இல்லை. ஆழத்தை 3 மில்லிமீட்டராகக் குறைத்ததும் இரண்டும் மூச்சுவிட்டன. 'வீ'யின் மேல்சுழியை மட்டும் இஷ்டத்துக்கு வளர்த்து, தலைப்பாகை நுனியைத் தொடும்படி விட்டேன். இந்தப் போஸ்டரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கறுப்பு இன்னும் ஏறவில்லை. மீசை, இமை, குதிரைக் கால்கள், எழுத்தின் நிழல், புளியமரம் எல்லாம் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை மீசையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.