அண்ணை றைற்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் மண்டபத்து மேடையை நினைத்தவுடன் நடிகர் கே. எஸ். பாலச்சந்திரன் வந்து நிற்கிறார். கூடவே எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேரும் வருகிறார். இருவரையும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

பாலச்சந்திரன் 1944இல் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவர். ‘தணியாத தாகம்’ வானொலி நாடகத்தில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்திலும் நடித்தார். ஆனால் நமக்கு அவர் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்புத்தான். பஸ்ஸும் இல்லை, துணைக்கு ஒரு நடிகரும் இல்லை. தனி ஒருவர் மேடையில் நின்று கொண்டக்டராகக் கத்துவார், கெஞ்சுவார், சனத்தை உள்ளே தள்ளுவார். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே எதிரில் நிற்கும் கிழவியும் மீன்கூடைக்காரரும் நம் கண்ணுக்குத் தெரிவார்கள். ‘ஓடலி இராசையா’வும் அப்படித்தான். பெரிய மனிதர்களை அவர் தேடிப் போகவில்லை. நாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் விட்டவர்களை மேடைக்குக் கொண்டுவந்தார்.

கோயில் திருவிழாவில் ‘அண்ணை றைற்’ பார்த்தபின் எனக்குத் தூக்கம் போய்விட்டது. முழுவதையும் பாடமாக்கினேன். 1979இல் இல்லப் போட்டிக்கு அதையே செய்வதென்று பெயர் கொடுத்தேன். ஒத்திகையில் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேர் மட்டும் சிரிக்கவில்லை. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ பாலச்சந்திரனைச் செய்யிறாய். கொண்டக்டர் எங்கையடா? இறங்கு.”

அவ்வளவு பேருக்கும் முன்னால் இறங்கினேன். என் இடத்தில் வேறொருவன் பாரதியார் பாட்டுப் பாடினான். அன்று பின்னேரம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். அந்தச் சொல்லின் சூடு இன்றைக்கும் முழுவதாக ஆறவில்லை.

அடுத்த நாள் சேர் என்னைக் கூப்பிட்டு பஸ் காசு தந்தார். “சனிக்கிழமை பருத்தித்துறை பஸ்ஸில போ. அவன்ரை வாயைப் பாக்காதை, கையைப் பார்.”

நாலு சனிக்கிழமை போனேன். காதிலே செருகிய பென்சில், விரலிடுக்கில் மடித்து வைத்த நோட்டு, வல்லை வெளிக் காற்றில் ரிக்கற் புத்தகம் பறக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும் விதம், காசில்லாத ஒரு கிழவியிடம் கேட்காமலே கடந்து போய்விட்ட அந்த ஒரு கணம். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். பாலச்சந்திரனும் இப்படித்தான் பார்த்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போட்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஒருநாள் பள்ளி விட்டபின், யாருமில்லாத மண்டபத்தில் சேருக்கு மட்டும் செய்து காட்டினேன். கடைசி வாங்கில் இருந்து பார்த்தார். எழுந்து வந்து, “இப்ப சரி” என்றார். அப்புறம் யன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்.

1984இல் நான் வெளிக்கிட்டேன். “அங்கை மேடை ஏறுறியோ?” என்று சேர் எழுதிய கடிதம் வந்தபோது எனக்கு இரண்டு வேலை. பிறகு பதில் எழுதலாம் என்று வைத்தேன். எழுதவே இல்லை.

பாலச்சந்திரனும் பின்னர் கனடா வந்தார். ஊரை விட்டு வந்த வயதிலும் அவர் ஓயவில்லை. தொலைக்காட்சியில் ‘வொண்டர்புல் வை. ரி. லிங்கம் ஷோ’ செய்தார். லெனின் எம். சிவம் இயக்கிய ‘1999’ படத்தில் நடித்தார். ரொறன்ரோத் தமிழ் இளைஞர்களின் கதை அது. அந்தப் படத்தில் என்னையறியாமலே பழைய கொண்டக்டரைத் தேடினேன். அந்தக் கொண்டக்டர் எங்குமே இல்லை. சேர் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

ஸ்காபரோவில் ஒரு விழா முடிவில் அவரைச் சில அடி தூரத்தில் கண்டேன். அந்த நாலு சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கிட்டப் போனேன். சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். அடுத்த முறை சொல்லலாம் என்று காரை எடுக்கப் போய்விட்டேன். 2014 பெப்ரவரி 26ஆம் திகதி அவர் ரொறன்ரோவில் காலமானார்.

சேர் அதற்கு முன்பே போய்விட்டார். என் கொண்டக்டரைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பிறகு அதை நான் யாருக்கும் செய்து காட்டவில்லை.