டிராகுலாவின் கணக்கு

1462 பிப்ரவரி 11ஆம் தேதி வாலாக்கியாவின் ஆட்சியாளர் மூன்றாம் விளாட், ஹங்கேரி அரசர் மத்தியாஸ் கோர்வினஸுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். அந்தக் குளிர்காலத்தில் டான்யூப் நதியைத் தாண்டிப் போய் துருக்கியரின் ஒட்டோமன் பேரரசுப் பகுதிகளில் எத்தனை பேரைக் கொன்றேன் என்ற விவரம், ஊர் வாரியாக. ஜியூர்ஜு பக்கம் மட்டும் 6,414 பேர். எல்லாவற்றையும் கூட்டினால் 23,884 பேர். வீட்டோடு வைத்துக் கொளுத்தப்பட்டவர்களும், தலை வந்து சேராதவர்களும் இதில் சேர்த்தி இல்லை என்று ஒரு குறிப்பு வேறு. வெறும் எழுத்தை நம்பமாட்டார்களோ என்று மூக்கும் காதும் மூட்டை கட்டிக் கூடவே போயிருக்கின்றன.

டிராகுலா என்ற பெயருக்குச் சொந்தக்காரர் இவர்தான். இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஒரு கட்சிக்கு இவர் மனித உருவில் வந்த பேய். இன்னொரு கட்சிக்கு இவர் துருக்கியரை எதிர்த்து நின்ற மாவீரர், நேர்மையான ராஜா, எதிரிகள் வேண்டுமென்றே கதை கட்டிவிட்டார்கள். எனக்கு இரண்டாவது கட்சி மேல்தான் எரிச்சல் அதிகம், காரணம் அதில் பாதி உண்மை இருக்கிறது. கதை கட்டினார்கள், சரி. ஆனால் மேலே சொன்ன கடிதத்தை எழுதியது எதிரி இல்லையே.

வாலாக்கியா என்பது இன்றைய ருமேனியாவின் தெற்குப் பகுதி. வடக்கே ஹங்கேரி, தெற்கே ஒட்டோமன் பேரரசு. யாருக்காவது கப்பம் கட்டினால்தான் காலம் தள்ள முடியும் என்ற நிலைமை. விளாட்டின் அப்பா 1431இல் நியூரம்பெர்கில் சிகிஸ்மண்ட் அரசரின் டிராகன் வீரர் சங்கத்தில் சேர்ந்ததால் டிராகுல் ஆனார், மகன் டிராகுலா ஆனார். பெயர் விவகாரம் அவ்வளவுதான். அதே அப்பா 1440களின் தொடக்கத்தில், தான் விசுவாசமாக இருப்பேன் என்பதற்குப் பிணையாக இவரையும் தம்பி ராதுவையும் சுல்தான் இரண்டாம் முராத்திடம் விட்டுவிட்டு வந்தார். பையன்கள் அங்கே இருக்கும்போதே, 1447இல், அப்பா கொல்லப்பட்டார். அண்ணன் மிர்ச்சாவைத் தலைநகர் துர்கோவிஷ்தேயின் பிரபுக்கள் தீர்த்துக்கட்டினார்கள், உயிரோடு புதைத்தார்கள் என்பார்கள். இதற்கெல்லாம் பின்னால் இருந்தவர் ஹங்கேரியின் பெரிய தளபதி யானோஷ் ஹுன்யாடி. அந்த ஹுன்யாடியின் மகன்தான் இந்த மத்தியாஸ். அதாவது அப்பாவைக் கொன்றவரின் பிள்ளைக்குத்தான் விளாட் பின்னாளில் இவ்வளவு பணிவாகக் கணக்கு அனுப்புகிறார். அந்த ஊர் அரசியல் அப்படி.

1448இல் இரண்டு மாதம் ஆண்டார், துரத்தப்பட்டார். 1456இல் திரும்பி வந்து ஆறு வருஷம். நமக்குத் தெரிந்த விளாட் இந்த ஆறு வருஷத்து ஆள்தான். உள்ளூர்ப் பிரபுக்களை ஒழித்தார், அது எதிர்பார்த்ததே. அப்புறம் மோதியது டிரான்சில்வேனியாவின் பிராஷோவ், சிபியு நகரங்களில் இருந்த ஜெர்மன் பேசும் சாக்சன் வியாபாரிகளோடு. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. தன் நாட்டுக்குள் இஷ்டத்துக்கு விற்காதே, எல்லையோரச் சந்தைகளில் மட்டும் விற்றுவிட்டுப் போ என்றார். வியாபாரிகளுக்குப் பிடிக்குமா? அவருடைய அரியணைக்கு உரிமை கோரி வந்தவர்களுக்கு இந்த நகரங்கள் அடைக்கலம் கொடுத்தன. அவர் படையெடுத்துப் போய் ஊர்களைக் கொளுத்தி, பிடித்தவர்களைக் கழுவில் ஏற்றினார். டான் என்ற போட்டியாளரை 1460இல் பிடித்தபோது, அவரையே குழி வெட்டச் சொல்லி, அவர் காதுபட ஈமச்சடங்கு மந்திரம் ஓதவைத்துவிட்டுத் தலையை வெட்டியதாகச் சொல்கிறார்கள்.

கழுவேற்றம் அவருடைய கண்டுபிடிப்பு இல்லை, அந்தப் பக்கத்தில் அது தெரிந்த தண்டனைதான். அவர் செய்தது அதன் அளவை மாற்றியது. 1462 கோடையில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத், ஒன்பது வருஷம் முன்னால் கான்ஸ்டாண்டிநோபிளையே பிடித்தவர், நேரில் படையோடு வந்தார். ஜூன் 17 இரவில் விளாட் அவருடைய பாசறைக்குள்ளேயே புகுந்து தாக்கினார். குறி சுல்தானின் கூடாரம், அது தப்பியது. பிறகு சுல்தானின் படை தலைநகரை நெருங்கியபோது கண்ட காட்சியைக் கிரேக்க வரலாற்றாசிரியர் கால்கோகொண்டிலஸ் எழுதியிருக்கிறார்: 17 ஸ்டேடியா நீளம், 7 ஸ்டேடியா அகலம், கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல், முழுக்கக் கழுமரங்கள், அதில் சுமார் 20,000 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. எண்ணிக்கையில் பாதியைத் தள்ளினாலும் மிச்சம் வயிற்றைக் கலக்குகிறது.

இவ்வளவும் செய்து ஜெயித்தாரா என்றால் இல்லை. சுல்தான் திரும்பிப் போகும்போது அரியணைக்குப் போட்டியாக, தன் பக்கம் இருந்த தம்பி ராதுவை விட்டுவிட்டுப் போனார். மிச்சமிருந்த பிரபுக்கள் சத்தமில்லாமல் ராது பக்கம் சாய்ந்துவிட்டார்கள். விளாட் உதவி கேட்டு மத்தியாஸிடம் போனார். மத்தியாஸ் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்.

ஏன்? துருக்கியரை எதிர்க்கச் சிலுவைப்போர் என்று சொல்லிப் போப் இரண்டாம் பயஸிடம் மத்தியாஸ் பணம் வாங்கியிருந்தார், போருக்கோ போகவில்லை. போப்புக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. விளாட் சுல்தானோடு ரகசியமாகக் கைகோத்துவிட்டார் என்று காட்ட ஒரு கடிதம் கிளம்பியது. அது போலி என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கூடவே இந்த ஆள் எவ்வளவு கொடூரன் தெரியுமா என்ற கதைகளும் பரவின. ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்த சாக்சன் வியாபாரிகளிடம் அதற்குச் சரக்கு நிறைய இருந்தது. குட்டன்பெர்க் அச்சுப்பொறி வந்து சில வருஷமே ஆகியிருந்த காலம். அச்சுக்காரர்களுக்கும் விற்கிற மாதிரி ஏதாவது வேண்டியிருந்தது. விளாட் செத்த பிறகும் அந்தச் சின்னப் புத்தகங்கள் ஜெர்மன் நகரங்களில் மறுபடி மறுபடி அச்சாயின. 1499இல் நியூரம்பெர்கில் வந்த பதிப்பின் மரச்செதுக்குப் படத்தைப் பார்த்தால் ஒரு மேசை, அதில் சாப்பிட உட்கார்ந்திருக்கும் விளாட், ஒரு பக்கம் கழுமரங்களில் தொங்கும் உடல்கள், எதிரே கோடரியால் ஒருவன் உடல்களைத் துண்டுபோட்டுக்கொண்டிருக்கிறான். வரைந்தவருக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது.

ரஷ்யப் பக்கம் உலவிய கதைகளில் அதே விளாட் வேறு மாதிரி. கொடூரம் அப்படியே இருக்கிறது, ஆனால் நீதிமான். ஊர்ப் பொது நீரூற்றில் தங்கக் குவளை வைத்திருந்தாராம், அவர் இருந்தவரை யாரும் திருடவில்லையாம். ருமேனியர்கள் இந்த ரகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கவிஞர் எமினெஸ்கு 1881இல், அரசியல்வாதிகள் மேல் வெறுத்துப்போய், நீயாவது வந்து இவர்களைக் கொளுத்தக் கூடாதா என்று விளாட்டைக் கூப்பிட்டே எழுதினார். ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சவுசெஸ்குவின் அரசாங்கம் 1976இல் இவருடைய 500ஆவது நினைவு ஆண்டைத் தடபுடலாகக் கொண்டாடியது. சர்வாதிகாரிகளுக்கு முன்னோர் தேவைப்படுவது புதிதா என்ன.

ரத்தக்காட்டேரி சமாச்சாரம் ரொம்பப் பின்னால் ஒட்டியது. டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890இல் இங்கிலாந்தின் விட்பி ஊர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் எழுதிய ஒரு பழைய புத்தகத்தில் டிராகுலா என்ற பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1897இல் வந்த நாவலில் கழுவேற்றம் பற்றி ஒரு வரிகூட இல்லை, அவர் ருமேனியாவுக்குப் போனதும் இல்லை.

டிராகுலா கோட்டை என்று சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போகும் பிரான் கோட்டை பிராஷோவ் சாக்சன்கள், அதாவது அவருடைய எதிரிகள், 1377 வாக்கில் கட்டத் தொடங்கியது. விளாட் அங்கே குடியிருந்ததே இல்லை. அவர் உண்மையிலேயே புதுப்பித்து வைத்துக்கொண்டது அர்ஜெஷ் பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் பொயனாரி. இப்போது இடிபாடுதான், 1,480 படி ஏற வேண்டும். ருமேனியா போகிறவர்கள் அங்கே போங்கள். கரடித் தொல்லையால் அவ்வப்போது மூடிவிடுவார்கள், திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.