ஸ்கேனர் சேர்த்துக் கொடுத்த பணம்

எங்கள் வரலாற்றுச் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் தாமதமாகப் போனேன். அதற்குள் என்னைப் பொருளாளர் ஆக்கியிருந்தார்கள்.

சங்கத்தின் சொத்து இரண்டு இரும்பு அலமாரிகள். உள்ளே சாதாரண அட்டைப்பெட்டிகளில் கடிதங்கள், வரைபடங்கள், புகைப்படங்கள். ஒரு கடிதத்தை எடுத்தேன், ஓரம் கையோடு உதிர்ந்து வந்தது. பார்க்க வந்த ஆவணக் காப்பாளர், காகிதத்தில் உள்ள அமிலம் போதாதென்று பெட்டியின் அமிலமும் சேர்ந்து அரிக்கிறது, அமிலமில்லாத பெட்டிக்கு மாற்றுங்கள் என்றார். அந்தப் பெட்டிகளின் விலையைக் கேட்டதும் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

நிதி திரட்ட முதலில் ஓர் இசை நிகழ்ச்சி வைத்தோம். அரங்க வாடகை, ஒலிபெருக்கி, அச்சுச் செலவு எல்லாம் போக மிஞ்சியது கைச்செலவுக்குக்கூடக் காணாது. அரங்கம் நிரம்பித்தான் இருந்தது. ஆனால் பாதிப் பேர் செயற்குழு உறுப்பினர்களின் சொந்தக்காரர்கள், இலவச அனுமதிச்சீட்டில் வந்தவர்கள். இதைச் சொன்னதற்கு இன்றும் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

அடுத்து வைத்த நிகழ்ச்சியில் வருமானத்தை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. "வீட்டில் உள்ள பழைய படங்களைக் கொண்டு வாருங்கள், இலவசமாக ஸ்கேன் செய்து தருகிறோம், அசல் உங்களுக்கே" என்று அறிவித்தோம். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுத்தோம். பக்கத்து மேசையில் ஒருவர், படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, நகலைச் சங்கம் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுப் படிவத்தில் எழுதினார்.

ஒரு பாட்டி பசை ஆல்பம் ஒன்றைக் கொண்டு வந்தார். பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் படங்கள் அப்படியே ஒட்டிக் கிடந்தன. "தம்பி, கிழிச்சிடாதே. இவர் படம் இது ஒண்ணுதான் இருக்கு." மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம் இழுப்பது போல மெதுவாக இழுத்தேன். ஒரு படத்துக்குக் கால்மணி நேரம். அது முழுசாகக் கையில் வந்ததும் பாட்டி என் தோளைத் தட்டினார். பின்பக்கம் பேனாவால் எழுதப் போனவரைத் தடுத்து மென்மையான பென்சிலைக் கொடுத்தேன்.

இன்னொருவர் கொண்டு வந்தது நீலநிறப் படம், சயனோடைப். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. வெயில் படும் சுவரில் மாட்டி வைத்ததில் வெளிறியிருந்தது. இருட்டில் வைத்தால் இந்த வகைப் படத்துக்கு நிறம் ஓரளவு திரும்பும் என்றதும் அவர் நம்பாமல் சிரித்தார்.

ஸ்கேன் மேசையோரம் பழைய பெட்டி ஒன்றையும், மாதிரிக்கு வாங்கிய அமிலமில்லாத பெட்டி ஒன்றையும் அருகருகே வைத்திருந்தேன். உதிர்ந்த காகிதத் தூளைத் துடைக்காமல் விட்டேன். வரிசையில் நின்றவர்களுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. "இது எதுக்கு?" என்று கேட்டவர்கள் பதிலைக் கேட்டதும், "ஒரு பெட்டி என் கணக்கில் எழுதிக்குங்க" என்றார்கள். சிலர் அப்பா பெயரில், சிலர் ஆசிரியர் பெயரில். சாயங்காலத்துக்குள் ஒரு அலமாரிக்கான பெட்டிகள் சேர்ந்துவிட்டன.

சிக்கல் அதன் பிறகுதான். அந்தப் பணத்தில் மின்கட்டண பாக்கியைக் கட்டிவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை. பெட்டிக்கென்று வாங்கியது பெட்டிக்குத்தான் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். ரசீதிலேயே 'ஆவணப் பெட்டிக்காக' என்று எழுதியிருந்தது கைகொடுத்தது. பேரேட்டில் அதற்குத் தனிப் பத்தி போட்டேன். மின்கட்டணத்துக்குச் சந்தாவை வசூலிக்க வேண்டியதாயிற்று, அது வேறு தலைவலி.

இரண்டாவது அலமாரி இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை இன்னொரு ஆல்பமும் கொண்டு வருவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார். நூல் தீர்ந்துவிட்டது, வாங்கி வைக்க வேண்டும்.