எழுதும் பிள்ளையின் அருகில்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் கல்விப் பேராசிரியராக இருந்த டொனால்ட் கிரேவ்ஸ், அதற்கு முன்னர் பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்தவர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1978 முதல் 1980 வரை அட்கின்சன் என்ற சிற்றூரின் தொடக்கப்பள்ளியில், அவரும் அவருடைய சக ஆய்வாளர்கள் லூசி கால்கின்ஸ், சூசன் சோவர்ஸ் ஆகியோரும் பிள்ளைகளின் மேசையருகே அமர்ந்து, அவர்கள் எந்தச் சொல்லில் தயங்கினார்கள், எதை அடித்தார்கள், எதைத் திரும்ப எழுதினார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். முடிந்த கட்டுரையைச் சிவப்பு மையால் திருத்துவதைவிட, எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அடுத்து என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டுக் காத்திருப்பதே பயன் தரும் என்று கிரேவ்ஸ் நம்பினார். ஆசிரியரும் பிள்ளைகள் கண்முன் எழுத வேண்டும் என்றார். வாரத்தில் குறைந்தது 4 நாள் எழுத்துக்கு நேரம் கேட்டார். கால அட்டவணையில் அந்த நேரத்தைக் காப்பாற்றித் தருவது தலைமையாசிரியரின் கையில்தான் இருக்கிறது.