இருமலைக் கிளப்பிய சிட்ரிக் அமிலமும், ஓடிய பிறகு சுருங்கிய மூச்சும்

உடற்பயிற்சியால் ஆஸ்துமா வருபவர்களுக்கு எளிதில் இருமல் தூண்டப்படும் தன்மையும் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஓர் ஆய்வில் தன்னார்வலராகச் சேர்ந்து, ஒருவழியாக முடித்துவிட்டேன். சோதனைகளைவிட அவற்றுக்கு முந்தைய அலைச்சல்தான் இன்னும் எரிச்சலூட்டுகிறது.

ஒப்புதல் படிவமும் இதயத் துடிப்புப் பரிசோதனையும் சிக்கலின்றி முடிந்தன. ஆனால் எனக்கு வந்த கடிதத்தில் இன்ஹேலரை 8 மணி நேரம் நிறுத்த வேண்டும் என்ற ஒரே வரிதான் இருந்தது. போய் உட்கார்ந்த பிறகு, ஒவ்வாமை மாத்திரையை 3 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், காலையில் காபியும் குடித்திருக்கக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எழுத்தரிடம் கேட்டால், "நீங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்கவே இல்லையே" என்றார். நிறுத்த வேண்டிய மருந்துகளின் முழுப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். அதை உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இருமல் சோதனையில், சிட்ரிக் அமிலக் கரைசலை நெபுலைசர் கருவியில் நுண்துளிகளாக்கி இழுக்கச் செய்து, செறிவை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கினார்கள். நாம் எதிர்பார்த்து இருமிவிடாதபடி நடுநடுவே வெறும் உப்புநீரும் வந்தது. புளிப்பு நாக்கில் தெரிவதற்குள் தொண்டைக்குழி அரிக்கத் தொடங்கிவிடும். ஐந்து முறை தொடர்ந்து இருமியதும் நிறுத்தினார்கள். அவ்வளவு இருமியும், முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. மூச்சுக்குழாயின் உணர்வு நரம்புகள் தூண்டப்படுவதால் வரும் இருமல் வேறு, குழாயின் தசை இறுகிச் சுருங்குவது வேறு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டிரெட்மில் சோதனை வேறொரு நாள். மூக்கில் கிளிப் மாட்டி, வறண்ட காற்றை வாயால் இழுத்தபடி, இதயத் துடிப்பு உச்ச அளவின் 85 விழுக்காட்டைத் தாண்டும்வரை ஓடினேன். நின்றவுடன் ஊதிய அளவு இயல்பாக இருக்கவே, பணி நேரம் முடியப்போகும் அவசரத்திலிருந்த உதவியாளர் கருவியை மூடப் போனார். 30 நிமிடம்வரை அளக்க வேண்டும் என்று ஒப்புதல் படிவத்திலேயே இருந்ததை எடுத்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பத்தாவது நிமிடத்தில் அளவு 10 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. நெஞ்சில் வீசிங் எனக்கே கேட்டது. இந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஓட்டம் நின்ற பிறகே உச்சத்துக்கு வரும் என்பதால், முதல் அளவீட்டோடு யாரும் எழுந்துவிட வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுத்ததும் மூச்சு சீரானது.

அறிக்கையின் முடிவு வரியை மட்டும் தரப் பார்த்தார்கள். ஒவ்வொரு நிமிட அளவும் உள்ள பக்கத்தையும் கேட்டு, முத்திரையுடன் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.